நீலப் பம்ப் இருக்க மண்ணிறம் எதற்கு?

இழுப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்த வாக்குவாதம் கட்டாயம் நடந்திருக்கும். நீலப் பம்ப் அடித்தால் ஐந்து நிமிடத்தில் மூச்சு சீராகிறது. பிறகு எதற்குத் தினமும் காலையும் இரவும் அந்த மண்ணிறப் பம்ப்? "ஸ்டீரொய்ட் எல்லாம் சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். முட்டேக்க நீலத்தை அடி, காணும்" என்பது என் அம்மாவின் கட்சி.

அம்மாவுக்கு விளக்கப் போய்த்தான் ஜி-புரதங்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். நீலத்தில் இருப்பது சல்பியூட்டமோல். மூச்சுக்குழாய்த் தசையின் செல்களில் அட்ரினலினுக்கென்று ஒரு வாங்கி இருக்கிறது, பெயர் பீட்டா-2. சல்பியூட்டமோல் அட்ரினலின் வேஷம் போட்டுக்கொண்டு வெளிப்பக்கமாகவே அதில் ஒட்டிக்கொள்ளும். உடனே வாங்கியின் வடிவம் சற்று மாறி, உட்பக்கம் காத்திருக்கும் ஜி-புரதத்தை ஆன் ஆக்கும். சைக்ளிக் ஏஎம்பி என்ற குட்டித் தூதுவர்கள் ஏராளமாக உண்டாகும், தசை தளரும், குழாய் திறக்கும். கொஞ்ச நேரத்தில் ஜி-புரதம் தன்னைத் தானே ஆஃப் செய்துகொள்ளும். டைம்அவுட்டைக் கோடுக்குள்ளேயே எழுதிவைத்த மாதிரி! இதே வாங்கி கைத் தசைகளிலும் இருப்பதால்தான் பம்ப் அடித்தபின் சில பிள்ளைகளுக்கு விரல் நடுங்குகிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த கட்டம். அழைப்பு திரும்பத் திரும்ப வந்தால் செல் சலித்துவிடும். அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஜி-புரதத்துக்கு வழியை மறிக்கும். பிறகு வாங்கியையே செல் உள்ளே இழுத்துக்கொள்ளும். (இந்த வாங்கிக் குடும்பத்தை ஆராய்ந்ததற்குத்தான் லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் 2012இல் வேதியியல் நோபல் பரிசு.) ஆக, நீலத்தை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் அதைக் கேட்கும் காதுகள் குறையும். அதைவிடப் பெரிய சிக்கல், குழாயின் உள்வீக்கம். நீலம் அதை ஆற்றுவதில்லை.

மண்ணிறம் ஆற்றுவது அந்த வீக்கத்தைத்தான். கூடவே பீட்டா-2 வாங்கிகளை அதிகம் செய்யும்படி செல்லைத் தூண்டவும் செய்கிறது. இதைச் சொன்னபோதுதான் அம்மா யோசித்தா. "அப்ப மண்ணிறம் அடிச்சாத்தான் நீலமும் வடிவா வேலை செய்யுமோ?" கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் மூச்சு முட்டும் நேரத்தில் முதலில் நீலம்தான், அதில் மாற்றமில்லை. கிழமைக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ அது தேவைப்பட்டால் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

அம்மாவின் பயமும் முழுக்க வீண் இல்லை. இழுக்கும் ஸ்டீரொய்டால் சில பிள்ளைகளின் வளர்ச்சி சிறிதளவு குறையலாம், அதிலும் முதல் வருடத்தில். அதனால் செக்கப்புக்குப் போகும்போது உயரத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.