தானா வரட்டும்

உள்ளேயிருந்து உடைத்துக்கொண்டு வந்தால் குஞ்சு, வெளியேயிருந்து உடைத்தால் ஆம்லெட் என்றொரு வாசகம் ரொம்ப நாளாகக் கல்லூரி மேடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதைச் சொல்லாமல் மைக்கை விடுவதில்லை. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது ஒரு ஆசிரியர் இதையே வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார். ஓட்டை நாம் உடைத்துவிட்டால் குஞ்சு நோஞ்சானாகிவிடும், இடஒதுக்கீடும் அப்படித்தான் என்று நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். பொருளாதாரத்தில் நலிந்த உயர்சாதியாருக்கு 10 சதவீதம் கொடுத்தது செல்லும் என்று 2022 நவம்பர் 7இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, எனக்குத் தெரிந்த வட்டாரத்தில் இந்தக் கோழிக்குஞ்சு உவமை கொஞ்ச நாள் காணாமல் போயிருந்தது. பிறகு திரும்பி வந்துவிட்டது.

இதைச் சொல்கிற ஒருத்தரும் வாழ்நாளில் ஒரு கோழியை அவயம் வைத்தவரில்லை என்று எழுதிக் கொடுப்பேன். வைத்தவள் என் அம்மா. அவளிடமிருந்துதான் இதைப் பேச வேண்டும்.

எங்கள் சேரி மயிலம் பக்கம். நிலம் கிடையாது. ஆட்டுக்குட்டி ஊரானுடையது, வாரத்துக்கு வளர்ப்பது. பெண்களுக்குத் தன் சொத்து என்று இருந்தது கோழிதான். அதிலும் பாதி வாரக்கோழி. ஊர்க்கார அம்மா ஒரு பொட்டைக்கோழியைத் தள்ளிவிடுவார், குஞ்சு பொரித்ததும் பாதி அவருக்குப் போகும். பருந்து தூக்கினதும் வெள்ளைக்கழிச்சலில் செத்ததும் எங்கள் பங்கில் கழியும். திருவிழா வந்தால், ஊர்ப் பெரிய வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சேவல் கேட்டு ஆள் வரும். காசு அப்புறம். அந்த அப்புறம் வந்ததை நான் பார்த்ததில்லை. கேட்க வருகிற பையனுக்கு என் வயசுகூட இருக்காது, அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான்.

எங்கள் தண்ணீர் அவர்களுக்கு ஆகாது. சோறு ஆகாது. முட்டை மட்டும் ஆகும். ஓடு இருக்கிறதாம், தீட்டு உள்ளே போகாதாம். ஆனாலும் கையில் வாங்கமாட்டார்கள், வைக்கோலோடு திண்ணை ஓரம் வைத்துவிட்டு வரவேண்டும்.

அவயம் வைக்கிறதுக்கு அம்மாவிடம் ஒரு முறை உண்டு. முட்டையை அகல் விளக்கு வெளிச்சத்தில் சுற்றிப் பார்ப்பாள். கீறல் விழுந்தது, ரொம்பப் பெரிசு, கோணல் மாணல் எல்லாம் கொழம்புக்குப் போகும். பதினொண்ணோ பதிமூணோதான் வைப்பாள், ரெட்டைப்படை கூடாது. கூடையில் உமி பரப்பி, அதில் ஒரு துண்டு இரும்பு, ரெண்டு காய்ந்த மிளகாய், கரித்துண்டு போடுவாள். இடி இடித்தால் முட்டை கெடாதாம். இதையெல்லாம் நான் நம்புகிறேன் என்று சொல்லவில்லை. ஏழாம் நாள் மறுபடி வெளிச்சத்தில் பார்த்து, நரம்பு ஓடாத கூமுட்டையை எடுத்துவிடுவாளே, அதை நம்புகிறேன். இருபதாம் நாள் வாக்கில் வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டையை மிதக்கவிடுவாள். உயிர் உள்ளது லேசாக ஆடும். சூடு சரியா என்று பார்க்க முட்டையை மூடிய கண்ணிமை மேல் வைப்பாள். எகிப்தில் பல நூற்றாண்டுகளாக மண்ணால் கட்டிய பெரிய அடைச்சூளைகளில் ஆயிரக்கணக்கில் முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தவர்களும் கண்ணிமையில் வைத்துத்தான் சூடு பார்த்தார்கள் என்று பின்னாளில் படித்தேன். அம்மாவிடம் சொன்னபோது, “பின்ன எங்க வச்சுப் பாப்பாங்களாம்?” என்றாள்.

பெட்டி நான் கொண்டுவந்தது. கோழி அவயத்தில் உட்கார்ந்தால் 21 நாள், அப்புறம் குஞ்சோடு திரிவது ஒன்றரை ரெண்டு மாசம். அதுவரைக்கும் முட்டை கிடையாது. முட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டால் கோழி சீக்கிரமே மறுபடி இட ஆரம்பிக்கும். மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி ஒன்று, பழைய குண்டு பல்பு ரெண்டு, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன், சூடு ஏறினால் தானே அணைக்கிற சர்க்யூட் அட்டை, ஈரப்பதம் காட்டுகிற ஒரு மீட்டர், ஒரு கிண்ணம் தண்ணீர். எல்லாம் சேர்த்து 900 ரூபாய் ஆனது. சூடு 37.5 டிகிரி. ஈரப்பதம் முதல் 18 நாளைக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து. அதுக்கப்புறம் அறுபத்தைந்துக்கு மேலே ஏற்ற வேண்டும். கோழி மூக்கால் புரட்டுகிற மாதிரி ஒரு நாளைக்கு அஞ்சு தரம் புரட்ட வேண்டும், பதினெட்டாம் நாளோடு நிறுத்திவிட வேண்டும். அதுக்குமேல் குஞ்சு தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு பண்ணிக்கொள்ளும். தொந்தரவு பண்ணக்கூடாது.

பல்கலைக்கழகத்தில் படித்த தமிழ் ஒரு இடத்தில் உதவியது. தொல்காப்பியம் மரபியலில் பறவையின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்று பெயர். சமஸ்கிருதத்தில் துவிஜ என்றால் இருபிறப்பாளர். அந்தச் சொல் பிராமணரையும் குறிக்கும், பறவையையும் குறிக்கும். முட்டையாக ஒரு பிறப்பு, ஓட்டைவிட்டு வருவது இன்னொன்று. அந்தக் கணக்கில் அம்மாவின் கூடையில் இருந்தது அத்தனையும் இருபிறப்பாளர்தான். பூணூல் செலவு இல்லை.

2024 நவம்பர் 12ஆம் தேதி 30 முட்டை வைத்தோம். ஏழாம் நாள் 4 கூமுட்டை போக 26. பதினெட்டாம் நாள் நவம்பர் 30. அன்று காலையில் புரட்டுவதை நிறுத்தினோம். அன்று ராத்திரிதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. சாயங்காலமே கரண்டு போய்விட்டது.

பெட்டியைச் சுத்திப் பழைய போர்வையெல்லாம் போர்த்தினோம். அம்மா வாணலியில் மணலைக் காய்ச்சித் தூக்குவாளியில் கொட்டி, துணி சுத்தி உள்ளே வைத்தாள். ரெண்டு பக்கமும் சுடுதண்ணீர் பாட்டில். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். சூடு 35க்கு ஏறும், நான் கண்ணசருவதற்குள் 31க்கு இறங்கும். தெருவில் யார் வீட்டிலாவது அவயக்கோழி இருந்தால் கீழே வைத்துவிடலாம், அந்த நேரம் ஒன்றுகூட இல்லை. ஊர்த்தெருவுக்கு டிசம்பர் 2 ராத்திரி கரண்டு வந்தது. நாங்கள் இங்கிருந்து வெளிச்சத்தைப் பார்த்தோம். எங்கள் பக்கம் கம்பம் சாய்ந்திருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். ஊர்ப்பக்கமும்தான் சாய்ந்திருந்தது. காலனிக்கு வந்தது 4ஆம் தேதி சாயங்காலம்.

குஞ்சு 3ஆம் தேதி வந்திருக்க வேண்டும். குளிர்ந்ததால் தள்ளிப்போய், 4ஆம் தேதி விடியும்போதுதான் முதல் கீறல். முதலில் குஞ்சு உள் சவ்வைக் கிழித்து, முட்டையின் அகலமான பக்கத்தில் இருக்கும் காற்றறைக்குள் மூக்கை நீட்டும். மூச்சு அங்கே ஆரம்பிக்கும், கத்துவது நமக்குக் கேட்கும். அப்புறம் மூக்கு நுனியில் இருக்கிற வெள்ளை முள்ளால் ஓட்டில் ஒரு பொத்தல் போடும். போட்டுவிட்டுப் பல மணி நேரம் சும்மா இருக்கும். தெரியாதவர்கள் இங்கேதான் பதறுவார்கள். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். மிச்ச மஞ்சள் கரு வயித்துக்குள் ஏறும், சவ்வில் ஓடுகிற ரத்தம் உடம்புக்குள் திரும்பும். முடிய ஒரு நாள்கூட ஆகும். அதுக்கப்புறம்தான் வட்டமாக ஓட்டை வெட்டிக்கொண்டே போய், காலால் உதைத்து வெளியே வரும்.

14 குஞ்சு தானாக வந்தது. ஆறு முட்டையில் சத்தமே இல்லை, குளிரிலேயே போய்விட்டன. மிச்சம் ஆறும் பொத்தல் போட்டு ஒரு நாள் தாண்டியும் அப்படியே கிடந்தன. சூடு குறையாமல் இருக்க நாங்கள் மூடியைத் திறந்து திறந்து பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தரமும் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேறிவிடும். ஏற்கனவே கீறின முட்டையில் சவ்வு காய்ந்து, காகிதம் மாதிரி விறைத்து, குஞ்சு மேலேயே ஒட்டிக்கொள்ளும். கழுத்தைத் திருப்ப முடியாது. கத்தக் கத்த சத்தம் சன்னமாகும். குஞ்சு நோஞ்சான் இல்லை. பெட்டிதான் காய்ந்துபோனது. பெட்டி ஏன் காய்ந்தது என்று கேட்டால் கரண்டு கம்பம் வரைக்கும் போக வேண்டும்.

5ஆம் தேதி காலையில் அம்மா உட்கார்ந்தாள். பக்கத்தில் தேங்காய் எண்ணெய், வெந்நீர், பஞ்சு, என் கையில் டார்ச்.

“ரத்தம் தெரியுதா பாரு. நரம்பு செவப்பா இருந்தா கை வைக்கக்கூடாது.”

ஒரு முட்டையில் தெரிந்தது. சவ்வில் ஈரப் பஞ்சை ஒத்தித் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். மிச்சம் அஞ்சில் சவ்வு வெள்ளையாகிக் காய்ந்திருந்தது. காற்றறைப் பக்கத்து ஓட்டை மட்டும் நகத்தால் தூள் தூளாக எடுத்தாள். சவ்வில் எண்ணெய் தொட்டு வைத்து, மூக்கு ஓட்டைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் கிழிப்பாள், நிறுத்துவாள், துளி சிவப்பு வந்தால் அந்த முட்டையை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். இறக்கைக்கு அடியில் மடங்கியிருந்த தலையை மெதுவாக வெளியே எடுத்துவிட்டதோடு சரி.

“முழுசா உரிச்சிடேம்மா.”

“வேணாம்டி. தலைய விடுவிச்சா போதும். கால அது ஒதைக்கட்டும், தொப்புளு மூடிச்சான்னு நமக்கென்னா தெரியும்?”

இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை. தெரியும். எங்கள் ஆயா ஊர்த்தெரு வீடுகளில் பிரசவம் பார்த்தவள், தொப்புள்கொடி அறுத்தவள். ராத்திரி எந்நேரமானாலும் ஆள் வரும், கொல்லைப்பக்கமாகக் கூட்டிப் போவார்கள், வேலை முடிந்ததும் அந்த வழியே அனுப்பிவிட்டு வீட்டைக் கழுவுவார்கள். வயித்தில் குறுக்கே கிடந்த பிள்ளையைக் கையால் திருப்பி எடுத்திருக்கிறாள். அந்த நேரத்தில் ஊரில் ஒருத்தரும், தானா வரட்டும், கை கொடுத்தால் பிள்ளை நோஞ்சானாகிவிடும் என்று சொன்னதில்லை. அப்படிப் பிறந்தவர்களில் சிலர் இன்று பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தகுதியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

உவமையை நானும் இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. நாங்கள் குஞ்சும் இல்லை, எங்களுக்கு யாரும் அம்மாவும் இல்லை. படித்து, போராடி, சட்டம் எழுதி வாங்கியதைக் கருணைக் கணக்கில் எழுத விடமாட்டோம். ஆனால் கோழிக்குஞ்சை வைத்துத்தான் பேசுவேன் என்று அவர்கள் நின்றால், முட்டையை அடை வைத்த கூடையையும் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அஞ்சில் ஒன்றுக்கு மஞ்சள் கரு உள்ளே ஏறாமல் தொப்புளில் தொங்கியது, மத்தியானத்துக்குள் செத்துப்போனது. இன்னொன்று மறுநாள். மூன்று பிழைத்தது. ரத்தம் தெரிந்ததென்று திரும்ப வைத்த முட்டை அன்று ராத்திரி தானாகவே உடைத்துக்கொண்டு வந்தது. மொத்தம் 18. பிழைத்த மூன்றில் ஒன்றுக்குக் கால் அகண்டு சறுக்கியது. அம்மா சேலை ஓரத்தைக் கிழித்து ரெண்டு காலையும் எட்டுப் போல முடிச்சுப் போட்டுவிட்டாள். நாலு நாளில் நேரானது. முதல் ரெண்டு நாள் தீனி வைக்க வேண்டாம், வயித்தில் கரு இருக்கிறது, தண்ணீர் போதும் என்றாள். ஒரு நாள் குஞ்சை டப்பாவில் போட்டு நாமக்கல்லிலிருந்து எங்கெங்கோ அனுப்புகிறார்களே, அந்தத் தைரியமும் இதுதான்.

இப்போது தெருவில் மூன்று பெட்டி ஓடுகிறது. கரண்டு போனால் சமாளிக்க, குழுப் பணத்தில் ஆட்டோ பேட்டரி ஒன்று பழசாக வாங்கி வைத்திருக்கிறோம். ஒரு பெட்டிக்கு 21 நாளைக்கு இருபது யூனிட் போல ஆகிறது. 2016இல் வந்த, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கிவிடும். யார் வீட்டு மீட்டரில் போடுவது என்பதில்தான் போன வாரக் கூட்டத்தில் சண்டை. கால் கட்டின கோழி பொட்டையாகப் போனதால் அம்மா அதை விற்கவில்லை.