கார்த்திகைக் கவாத்து

ஆட்டவாவில் மே மாதக் கடைசியென்றால் லைலாக் பூக்கும். வேலியோரமெல்லாம் ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாய் நிற்க, இந்த வாரம் எங்கள் தெருவே மணக்கிறது. என் வீட்டு வாசலில் மட்டும் வெறும் பச்சை இலை. மூன்று வருஷம் முன்பு காசு கொடுத்து வாங்கி வைத்த செடி. ஒரு மொட்டு இல்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப்புறம் நின்று பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எப்போது வெட்டினாய்?

நவம்பரில் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. ராஜபாளையத்தில் அம்மா மல்லிச்செடியைக் கார்த்திகையில்தான் கவாத்து பண்ணுவாள். குச்சி குச்சியாக நிற்கும். அப்புறம் துளிர்விட்டு, பங்குனி சித்திரையில் பறித்து மாளாது. அந்தக் கணக்கில்தான் நானும் கத்தரியை எடுத்தேன். பாட்டி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மல்லி புதுத் துளிரில் பூக்கும். லைலாக் அப்படியில்லை, இந்த வருஷப் பூவுக்கான மொட்டைப் போன கோடையிலேயே கட்டி வைத்துவிடும். பூத்து முடிந்த கையோடு வெட்டினால்தான் உண்டு. கிளையென்று நினைத்து நான் பூவையெல்லாம் குப்பையில் போட்டிருக்கிறேன்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இரண்டும் பங்காளிகள். மல்லி, பிச்சி, முல்லை, பவளமல்லி, லைலாக் எல்லாமே ஒலியேசி என்கிற ஒரே தாவரக் குடும்பம். ஒன்றுக்கு வெயில் ஏற வேண்டும். இன்னொன்று மாசக்கணக்கில் குளிரில் கிடந்தால்தான் கண்ணைத் திறக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டுபோய் லைலாக் வைத்தால், நம் மார்கழிக் குளிர் அதன் கால்தூசுக்குக் காணாது.

இங்கே செடி வாங்குவது பெண் பார்ப்பது மாதிரி. கடையில் முதலில் கேட்டது பூவின் பெயரை அல்ல, என் வீடு எந்த மண்டலம் என்று. ஒவ்வொரு செடியிலும் ஓர் அட்டை, அதில் ஓர் எண். 0 என்றால் வடக்கே கொடுங்குளிர். எண் ஏற ஏறக் குளிர் குறையும். எங்கள் பக்கம் 5. அமெரிக்கக்காரர்கள் வருஷத்தில் அடிக்கும் கடுங்குளிர் எவ்வளவு என்று மட்டும் பார்த்து எண் போட்டுவிடுகிறார்கள். கனடாக்காரர்கள் 1967-இல் போட்ட வரைபடத்தில் ஏழு பொருத்தம் பார்த்தார்கள்: குளிர்காலத்தின் தாழ்ந்த வெப்பநிலை, உறைபனி இல்லாத நாட்கள், ஜூன் முதல் நவம்பர் வரை பெய்யும் மழை, கோடையின் உச்ச வெயில், ஜனவரி மழை, தரையில் பனி எத்தனை ஆழம் கிடக்கும், காற்றின் வேகம். பனி ஆழமாகக் கிடந்தால் செடிக்கு நல்லது. வேருக்கு அதுதான் போர்வை. மூன்று பொருத்தம் கூடக் குறைந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல நம்மூரில் ஜோசியர் உண்டு. இங்கே 5-ஆம் மண்டலத்தில் 7-ஆம் எண் செடியை வைத்தால் பரிகாரம் கிடையாது. மல்லியின் எண்ணைக் கேட்கவே வேண்டாம். என்னுடையது தொட்டியில், எட்டு மாதம் ஜன்னலோரச் சிறையில் இருக்கிறது. ஜூலையில் ஐந்தாறு பூ கொடுக்கும், அதுவும் மனசு வைத்தால்.

மல்லி வாசத்துக்குக் கிட்டத்தில் வருவது வேண்டும் என்றால் மாக் ஆரஞ்சு. வெள்ளைப் பூ, ஜூனில் பூக்கும், குளிருக்கு அஞ்சாது. செண்பகத்துக்கும் இங்கே உறவு இருக்கிறது. அது மக்னோலியா இனம்தானே. நட்சத்திர மக்னோலியா என்ற குட்டைச் செடி இலை விடும் முன்பே வெள்ளையாகப் பூத்து நிற்கும். வாசம் உண்டு, மெல்லிசாக. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் அணில் சரணாலயத்துக்குப் போகிற வழியில், செண்பகத்தோப்பு என்று பெயரிலேயே மணக்கிற ஊரைத் தாண்டி வந்தவர்களுக்கு இது போதாது.

இந்த நகரம் பேர் வாங்கியது ட்யூலிப் பூவால். 1945-இல் நெதர்லாந்து இளவரசி ஜூலியானா, போர்க்காலத்தில் அடைக்கலம் தந்ததற்கு நன்றியாக ஒரு லட்சம் கிழங்கு அனுப்பினார். 1953 முதல் திருவிழாவே நடக்கிறது. குனிந்து மோந்து பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை! நம் பக்கம் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் அழகருக்காக மதுரைக்கும், புரட்டாசியில் பெருமாளுக்காகத் திருப்பதிக்கும் போகிறது. ஆண்டாள் கையிலிருக்கும் கிளிக்குக்கூட மாதுளம்பூவில் மூக்கு. பூ என்றால் யாரோ ஒருவர் தோளுக்கோ தலைக்கோ போய்ச் சேர வேண்டும். இங்கே எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். 1920-இல் இந்த ஊர் மத்திய சோதனைப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த இசபெல்லா பிரெஸ்டன், இரண்டு சீன லைலாக் இனங்களைக் கலப்பினம் செய்து, கடுங்குளிரிலும் சாகாத புது வகைகளை உண்டாக்கினார். அவற்றில் பலவற்றுக்கு ஷேக்ஸ்பியர் நாடகப் பெண்களின் பெயர். நம்மூர்க்காரி ஒருத்தி செய்திருந்தால் கோதை, சுரும்பார்குழலி என்று வைத்திருப்பாள்.

பாட்டி மனசு கேட்காமல் இரண்டு கொத்து வெட்டிக் கொடுத்தார். வாழைநாருக்கு எங்கே போக? தையல் நூலை எடுத்து உட்கார்ந்தேன். நாலு இதழ், அடியில் சின்னக் குழல். வளர மறந்த பிச்சிப்பூ மாதிரி இருக்கிறது. அரை முழம் தேறியது. இரவு எட்டு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன், அங்கே காலை ஐந்தரை. கையில் காபியோடு பார்த்தாள்.

“கட்டு தொளதொளன்னு இருக்கே. நெருக்கிக் கட்டக்கூடாதா?”

நவம்பரில் வெட்டியதையும், மொட்டு போனதையும் சொன்னேன். ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தாள்.

“கார்த்திகையிலதானே வெட்டுன? சரியாத்தானே செஞ்சிருக்க. அந்தச் செடிக்குத்தான் மாசம் தெரியல.”