தேய்ந்த ரேகை

ஒகேனக்கல் போகும் வழியில், பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் டீ குடிக்க இறங்கினோம். எதிரே பொது சேவை மையம். வாசலில் ஒரு பாட்டி முந்தானையால் விரலைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“கடலைக்காட்டுல களை வெட்டி வெட்டி ரேகையே போயிருச்சு கண்ணு. மெஷினு எடுக்க மாட்டேங்குது. கிசான் பணம் 2,000 நின்னுபோச்சு. மூணாவது தடவையா வர்றேன், மூணு நாள் கூலியும் போச்சு.”

ரேகையோ ஓ.டி.பி.யோ இல்லாமல், முகத்தைக் காட்டியே இ-கே.ஒய்.சி. முடிக்கும் வசதி பி.எம். கிசான் செயலியில் 2023 ஜூனிலேயே வந்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ‘கிசான் இ-மித்ரா’விடம் தமிழில் பேசியே தவணை விவரம் கேட்கலாம். இரண்டுமே செயற்கை நுண்ணறிவின் உதவிதான். ஆனால், பாட்டியிடம் இருப்பதோ பட்டன் போன்!

எங்களோடு வந்த தம்பியும் கிசான் பயனாளி. தன் போனில் அந்தச் செயலியையும், ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலியையும் இறக்கினான். வேப்பமரத்தடி வெளிச்சத்தில் பாட்டி கண் சிமிட்டினார், வேலை முடிந்தது.

ஒரு பயனாளி இப்படி 100 பேருக்குச் செய்து கொடுக்கலாம். உங்கள் தெருவில் ரேகை விழாமல் யாராவது அலைந்தால், போனோடு அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள்.