வெடிச் சத்தம் இல்லாத ஊரில் ஒரு தீபாவளி

மற்ற வீடுகளில் தீபாவளிக்குத் துணி, பலகாரம் என்று பட்டியல் போடுவார்கள். எங்கள் வீட்டுப் பட்டியலில் பஞ்சும் இருக்கும், மகனின் காதில் வைக்க.

அவனுக்கு ஆட்டிசம். குக்கர் விசில் அடித்தாலே காதைப் பொத்திக்கொள்வான். மதுரையில் எங்கள் தெருவில் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே வெடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். ஆறு தீபாவளி எனக்கும் அங்கேதான். புதுப்புடவையோடு ஈரத் தரையில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டிருப்பேன். ஒருமுறை பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்த்தேன். "வருஷத்துக்கு ஒரு நாள்தானேங்க" என்றார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது ஆசைதானே என்று திரும்பி வந்துவிட்டேன்.

அவனுக்குப் பத்து வயதானபோது, என் கணவரோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சொன்னார். "எங்க பெரியம்மா ஊருக்குப் போங்க. அங்க யாருமே வெடி வெடிக்க மாட்டாங்க."

அந்த ஊர், சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கொள்ளுக்குடிப்பட்டி. மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலையில், திருப்பத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் பிரிந்து போக வேண்டும். சுற்றிலும் வயல், நடுவில் கண்மாய், கரையை ஒட்டி வீடுகள். 1977-ல் அரசு அறிவித்த வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இந்தக் கண்மாய்கள்தான்.

தீபாவளிக்கு முந்தைய நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க, வாங்க. என்னய்யா, காதுல பஞ்சு? எடுத்துப் போடு. இங்க ஒன்னும் கேக்காது" என்றார். அவன் எடுக்கவில்லை. எனக்கும் முழு நம்பிக்கை இல்லை.

விடியற்காலை நாலு மணிக்கு, பழக்க தோஷத்தில் நான் விழித்துக்கொண்டேன். எங்கள் தெருவில் முதல் சரவெடி வெடிக்கும் நேரம் அது. காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். எங்கோ தொலைவில் வேறு ஊர்களின் சத்தம் லேசாகக் கேட்டது. இந்த ஊரில் ஒரு சேவல் கூவியது. மகன் தூங்கிக்கொண்டிருந்தான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

எண்ணெய்க் குளியல் முடித்துக் கண்மாய்க்குப் போனோம். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் பச்சையே தெரியவில்லை. அத்தனையும் பறவைகள்! நத்தைக்குத்தி நாரை, சாம்பல் நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், இரவில் இரை தேடும் வக்கா. பறவைகள் போட்ட சத்தமும் கொஞ்சமல்ல. மகன் முதலில் காதைப் பொத்தினான். பிறகு ஒரு கையை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கையையும் எடுத்தான். அவனை வதைப்பது சத்தம் என்பதைவிட, எப்போது வெடிக்கும் என்று தெரியாத சத்தம் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அவனுக்கு மிகவும் பிடித்துப்போனது நத்தைக்குத்தி நாரை. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள் இருக்கும் சதையை எடுத்துத் தின்ன அதற்கு அப்படி ஓர் அலகு. ஒரு நாரை குச்சி கொண்டுவந்து கொடுக்க, ஜோடி அதை வாங்கிக் கூட்டில் செருகியது. எத்தனை குச்சி என்று மகன் எண்ண ஆரம்பித்தான். நாற்பதைத் தாண்டியும் நிறுத்தவில்லை.

எதற்காக இந்த ஊரில் வெடி இல்லை என்று பெரியம்மா சொன்னார். ஐப்பசியில் மழை பெய்து கண்மாய் நிறையும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பூனை, பாம்பு எளிதில் ஏற முடியாது. அந்தத் தைரியத்தில்தான் பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. தீபாவளி சரியாக அதே சமயத்தில் வருகிறது. ஒரு அணுகுண்டு வெடித்தால் போதும், மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். முட்டை காக்கைக்குப் போகும். கூட்டில் குஞ்சு இருந்தால் மிரண்டு கீழே விழும். "நம்ம வீட்டுக்குப் பிள்ளை பெத்துக்க வந்திருக்குதுங்க. வெடி போட்டு விரட்டலாமா?" என்றார்.

பல பத்தாண்டுகளாக இதுதான் வழக்கமாம். கோயில் திருவிழா, கல்யாணம் எதற்கும் வெடி கிடையாதாம். தீபாவளிக்கு வனத்துறையினர் இனிப்பு கொடுத்து ஊர்க்காரர்களைப் பாராட்டுவதும் உண்டு. பறவை எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்றும் பெரியம்மா சொன்னார்.

கரையில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையனிடம், "உனக்கு வெடிக்கணும்னு ஆசையே இல்லையாப்பா?" என்று கேட்டேன். "மாமா ஊருக்குப் போனா வெடிப்பேன்" என்றான் பளிச்சென்று. "இங்க கூடாது." அவன் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தியாகம், கியாகம் என்றெல்லாம் அவன் நினைக்கவில்லை. அடுத்த வீட்டில் குழந்தை தூங்கினால் ரேடியோவைக் குறைப்போமே, அப்படி.

மத்தியானம் பிரான்மலை பக்கம் போனோம். முக்கால் மணி நேரப் பயணம்தான். பாரி ஆண்ட பறம்பு மலை இதுதான் என்பார்கள். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. மலை ஏறவில்லை. மழை ஈரத்தில் மின்னிய பாறைகளைக் கீழிருந்தே பார்த்துக்கொண்டிருந்தோம். முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தவரின் கதையை மகனுக்குச் சொன்னேன். "அப்புறம் அவர் நடந்தே வீட்டுக்குப் போனாரா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு இத்தனை வருடமாகத் தோன்றியதில்லை.

அன்று இரவு வாசலில் அகல் விளக்குகள் எரிய, எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து அதிரசம் சாப்பிட்டோம். மகனின் காதில் இருந்த பஞ்சைக் காணோம். எப்போது எடுத்தான் என்று தெரியாது. நான் எழுந்து உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். என் கணவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

நீங்களும் போவதாக இருந்தால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், அதிகாலையிலோ சாயங்காலத்திலோ போங்கள். மழை பொய்த்த வருடம் பறவைகள் குறைவாக இருக்கும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் கத்த வேண்டாம், பிளாஸ்டிக் போட வேண்டாம். பிள்ளையார்பட்டியும் பக்கம்தான்.

அடுத்த தீபாவளிக்கு அந்த ஊருக்குப் போக முடியவில்லை. அதனால் எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு முறுக்கு கொடுத்து, செல்போனில் எடுத்த நாரைப் படங்களைக் காட்டி, அந்த ஊர்க் கதையைச் சொன்னேன். கடைசியில் எங்கள் மகனைப் பற்றியும் சொன்னேன். மூன்று வீட்டுப் பிள்ளைகள் தெருக்கோடி மைதானத்துக்குப் போய் வெடித்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல வாசலில்தான். பஞ்சு வாங்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் குளியலறைக்குள் இருந்த நேரம் பாதியாகக் குறைந்தது.

இப்போதெல்லாம் ஐப்பசி மழை தொடங்கியதும் அவன் கேட்பது ஒன்றுதான். "அம்மா, நத்தைக்குத்தி வந்தாச்சா?"

பெரியம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வேன்.