களை என்னும் சொல்லும் குருசடைத் தீவும்

தமிழில் 'களை' பெயராகவும் நிற்கிறது, வினையாகவும் நிற்கிறது. பயிரிடையே முளைத்த வேண்டாத செடியும் களை. அதைப் பிடுங்கி அகற்றுவதும் களைதல். செடியின் நிறமோ இலையோ மணமோ அப்பெயரில் இல்லை. அதற்கு மனிதன் என்ன செய்யவிருக்கிறான் என்பது மட்டுமே இருக்கிறது. தமிழும் தெலுங்கும் அருகருகே புழங்கும் காணிப்பாக்கத்து வயல்வெளியில் அதே செடிக்குத் தெலுங்கில் 'கலுபு' என்று பெயர். அதே ஒலியுடைய தெலுங்கு வினைக்குக் கலக்கச் செய்தல், சேர்த்தல் என்று பொருள். வேர் எதுவாயினும், கேட்பவர் காதில் ஒரு சொல் நீக்கத்தையும் மற்றது கலந்துவிட்ட நிலையையும் உணர்த்துகிறது. வேண்டாத உயிர்களைக் கட்டுப்படுத்துவது பற்றிய பேச்சில் பெரும்பாலும் முதற்சொல்லின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. இரண்டாம் சொல்லுக்கும் காது கொடுக்க வேண்டும்.

பவளத் தொட்டி வைத்து வளர்ப்போர் இதை நன்கு அறிவர். (இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, கடலிலிருந்து அவற்றை எடுப்பது குற்றம் என்பதை இத்தகைய தொட்டிகளின் அழகில் மயங்குவோர் மறந்துவிடுகின்றனர்.) தொட்டிக்குள் இடும் பாறைத்துண்டு வெறுங்கல் அன்று. அதன் துளைகளில் புழுக்களும் நண்டுகளும் பாசி வித்துகளும் கலந்தே வருகின்றன. சில வாரங்களில் பாறையிடுக்கிலிருந்து பழுப்பு நிறத்தில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறு உயிர் ஒன்று விரல்களை விரிக்கும். அது ஐப்டேசியா என்னும் கடல் அனிமோன். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன் கொட்டும் உயிரணுக்கள் அண்டையிலுள்ள பவளத்தைச் சுட்டுவிடும்.

முதலில் தோன்றும் எண்ணம் அதைக் கிள்ளி எறிவது. அதுவே பிழையான வழி. ஐப்டேசியாவின் அடிப்பாகத்தில் ஒரு சிறு துணுக்கு பாறையில் எஞ்சினாலும் அது முழு உயிராக வளரும். ஒன்றைக் கிள்ளிய இடத்தில் ஐந்து தோன்றும். தொட்டிக்குள் செம்பு கலந்த மருந்தை ஊற்றினால் ஐப்டேசியாவுடன் பவளமும் இறாலும் நத்தையும் மடியும். ஆகவே, ஊசியால் அதன் வாயருகே சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்துகின்றனர். வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான். அதன் காரத்தன்மை உயிரை அந்த இடத்திலேயே பொசுக்குகிறது. இன்னொரு வழி, பெர்கியா என்னும் ஓடற்ற சிறு கடல்நத்தையை விடுவது. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் அது உண்பதில்லை. உணவு தீர்ந்ததும் பட்டினியால் இறந்துபோகும். தட்டைப்புழுக்கள் பெருகினால் மருந்திடும் முன் குழாயால் இயன்றவரை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். ஒருசேர மடியும் புழுக்களின் உடலிலிருந்து கசியும் நஞ்சே மீன்களைக் கொன்றுவிடக்கூடும். எல்லா வழியிலும் விதி ஒன்றே: இலக்கு குறுகியதாக இருக்க வேண்டும், துணுக்கு எஞ்சக் கூடாது.

அதே ஐப்டேசியா ஆய்வுக்கூடங்களில் போற்றி வளர்க்கப்படுகிறது. பவளங்களைப் போலவே அதன் திசுவுக்குள்ளும் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசிகள் வாழ்கின்றன. கடல்நீர் சூடேறும்போது பவளம் ஏன் வெளுக்கிறது என்பதை அறிய எளிதில் வளரும் இவ்வுயிரையே ஆய்வாளர்கள் மாதிரியாகக் கொள்கின்றனர். தொட்டிக்காரருக்கு எது குறையோ, அந்த எளிதில் வளரும் தன்மையே ஆய்வாளருக்கு வசதி.

தமிழ்நாட்டில் இக்கேள்வி கண்ணாடிச் சுவருக்குள் அடங்கவில்லை. பிலிப்பைன்ஸ் கடலுக்குரிய கப்பாஃபைகஸ் அல்வரேசி என்னும் செம்பாசி, 1980களில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தால் குஜராத் கரைக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் மண்டபம் பகுதியை அடைந்தது. அதிலிருந்து கிடைக்கும் கராகீனன் உணவையும் பற்பசையையும் கெட்டிப்படுத்தும் பொருள். 2000க்குப் பின் பெப்சி நிறுவனத்தின் முன்னெடுப்பில் மூங்கில் மிதவைகளில் வணிக வளர்ப்பு தொடங்கிற்று. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று தம் கடற்பாசிகளுக்குப் பெயரிட்ட கரையோர மக்கள் இதற்குப் 'பெப்சிப் பாசி' என்று பெயரிட்டனர். வந்த வழியையே பெயராக்கிய சொல் அது. எந்த ஆய்வறிக்கையும் இத்தனை சுருக்கமாக வரலாற்றைச் சொன்னதில்லை.

2005 இறுதியில் தமிழக அரசு இதன் வளர்ப்பைப் பாக் நீரிணையின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் வரையறுத்தது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை விலக்கி வைப்பதே நோக்கம். ஆனால் 2008இல் ஆய்வாளர்கள் குருசடைத் தீவின் பவளங்கள்மேல் இப்பாசி படர்ந்திருப்பதைக் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் பதிவு செய்தனர். கிளைகளாக வளரும் அக்ரோபோரா பவளத்தைப் பாசி போர்த்தி ஒளியை மறைத்திருந்தது. பரவிய பரப்பு சிறிது என வாதிட்டோரும் உண்டு. எனினும் பின்னாளில் அண்டைத் தீவுகளிலும் பாசி காணப்பட்டது. வனத்துறை ஆட்களைக் கொண்டு கையால் அகற்றும் பணியைத் தொடங்கிற்று. அகற்றிய இடத்தில் பாசி மீண்டும் தழைத்தது. ஐப்டேசியாவைப் போலவே கப்பாஃபைகசும் துணுக்கிலிருந்து வளர்வது. பவளக் கிளைகளின் இடுக்கில் நுழைந்து பற்றியதைப் பவளத்தை முறிக்காமல் முழுதாகப் பிடுங்க எவராலும் இயலாது.

கடலில் களைதல் முற்றும் வென்ற நிகழ்வு ஒன்று உண்டு. 2000இல் கலிபோர்னியாவின் உப்பங்கழி ஒன்றில் மீன்தொட்டிப் பாசியாகிய காலெர்ப்பா கண்டறியப்பட்டபோது, அப்பரப்பைத் தார்ப்பாயால் மூடி அதனுள் குளோரினைச் செலுத்தினர். 2006இல் அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதாவது கடலின் ஒரு துண்டைத் தொட்டியாக்கிய பின்னரே வென்றனர். தார்ப்பாய்க்கு அடியில் இருந்த பிற உயிர்களும் மடிந்தன. உயிருள்ள பவளத்தின்மேல் பாசி படர்ந்த குருசடையில் அந்த வழி அடைபட்டது. கப்பாஃபைகசே படர்ந்த ஹவாயின் கனேயோஹே விரிகுடாவில் உறிஞ்சு குழாயால் பாசியை எடுத்துவிட்டு, எஞ்சிய துணுக்குகளை மேய அவ்விடத்துக்கே உரிய கடல் முள்ளெலிகளைக் குஞ்சு பொரித்து வளர்த்து விட்டனர். தொட்டிக்காரரின் இரு வழிகளும் அங்கே சேர்ந்து செயல்பட்டன.

இராமநாதபுரம் கரையில் மிதவை கட்டும் பெண்களுக்கு இன்றும் இப்பாசி பயிர். தீவுகளில் தம் முன்னோர் சேகரித்த பாசிகளைத் தேசியப் பூங்காவின் எல்லை தடுத்தபோது கைக்கு வந்த பிழைப்பு இது. அவர்களை நோக்கிக் களை என்று சொல்வோர் அந்தத் தடையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றிய அரசு 2021இல் தமிழ்நாட்டுக்குப் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவை அறிவித்தது. மிதவைகள் பெருகும். புதுப் பாறையைத் தொட்டியில் இடுமுன் தனிப் பாத்திரத்தில் வாரக்கணக்கில் வைத்துப் பார்ப்பது பவள வளர்ப்போரின் முதற்பாடம். மிதவைக் கயிற்றிலிருந்து அறுந்து விழும் துணுக்கை நிறுத்திப் பார்க்க நீரோட்டத்தில் அப்படி ஒரு பாத்திரம் இல்லை.