சிரிக்காத இரண்டு வருஷம்

வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் சாம்பார் ஊற்றுவது நான்தான். போன வருஷம் ஒரு பாட்டி, "ஏம்மா, சிரிச்ச முகமா பரிமாறக் கூடாதா?" என்று கேட்டுட்டாங்க. மனசு வலிச்சது.

சிரிக்காததற்குக் காரணம் என் ஈறு. இரண்டு வருஷமா தடிச்சு வளர்ந்து, முன் பல்லைப் பாதி மூடிடுச்சு. பல் விளக்கினா ரத்தம். வயசுக் கோளாறுன்னு விட்டுட்டேன்.

பல் டாக்டர் முதலில் கேட்டதே, "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின். அது சிலருக்கு ஈறை வளர்க்குமாம். பல்லில் அழுக்குப் படிந்தால் இன்னும் அதிகமாகுமாம்.

மருந்தை நானாக நிறுத்தவில்லை. எனக்கு அதை எழுதிக் கொடுத்த டாக்டரே வேறு மாற்றிக் கொடுத்தார். பல்லை ஆழமாகச் சுத்தம் செய்தாங்க. சில மாதத்தில் வீக்கம் குறைஞ்சது. மிஞ்சிய சதையை, மரத்துப்போக ஊசி போட்டு, வெட்டிச் சீராக்கினாங்க. ஒரு வாரம் ஆறின கஞ்சிதான்.

இப்போ பிரஷ் ஈறு ஓரம் வரை போகுது. ரத்தம் இல்லை.

உங்களுக்கும் இப்படி இருந்தா, சாப்பிடுற மருந்தையெல்லாம் எடுத்துக்கிட்டுப் பல் டாக்டரைப் பாருங்க. மருந்தை மட்டும் நீங்களே நிறுத்திடாதீங்க.

போன வெள்ளி அந்தப் பாட்டிக்குச் சிரிச்சுக்கிட்டே பரிமாறினேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றாங்க.