மேற்கோள் எண்ணிக்கை மட்டும் போதுமா?

ஆவடி, பூந்தமல்லி பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்க்கும் நண்பர்களுடன் உட்கார்ந்தால், ஹெச்-இண்டெக்ஸ் பேச்சு வராமல் இருக்காது. ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை மேற்கோள்களால் அளக்க 2005-ல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த கணக்கு அது. பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் மதிப்பு 10. ஒரே கட்டுரை எழுதி, அதை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டியிருந்தாலும் மதிப்பு 1தான்.

நெட்வொர்க் துறைக்கு இந்த அளவுகோல் போதவே போதாது. கே.கே. ராமகிருஷ்ணனும் ராஜ் ஜெயினும் 1990-ல் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். நெரிசல் வந்தால் ரூட்டர் பாக்கெட்டில் ஒரு பிட்டைக் குறித்துவிடும். அனுப்பும் கணினி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த எண்ணம்தான் வளர்ந்து 2001-ல் ஆர்.எஃப்.சி. 3168 என்ற இணையத் தரமானது. லினக்ஸிலும் இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தும் எந்த சர்வரும், மேற்கோள்களை எண்ணும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் கணக்கில் ஏறாது.

மதிப்பீட்டுக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எண்ணைப் பாருங்கள்; சுயமேற்கோளைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அந்த ஆய்வு எந்தத் தரத்தில், எந்த மென்பொருளில் போய்ச் சேர்ந்தது என்றும் கேளுங்கள். தயவுசெய்து ஒரு கட்டுரையையாவது முழுசாகப் படித்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்.